ஆனிக் காற்றில் ஒரு டேப் டிரைவ்

நெல்லைச் சீமையில் கோயில் கொடையைப் படம்பிடித்துப் பிழைக்கிறவனுக்குக் கேமராவைவிடப் பெரிய செலவு, எடுத்ததைப் பத்திரப்படுத்துவதுதான். சுடலைமாடன் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், வேட்டைக்குப் போய் வருகிற சாமியாடி என்று விடிய விடிய நடக்கும். எதையும் அழிக்க மனம் வராது, அழிக்கவும் கூடாது. நாலைந்து வருடம் கழித்து ஒருவர் பாளையங்கோட்டையில் உள்ள என் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, எங்கள் அப்பா கடைசியாகச் சாமியாடிய கொடை உங்களிடம் இருக்கிறதாமே?" என்பார். இல்லை என்று சொல்வது எளிதல்ல.

கணக்கைப் பாருங்கள். 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, எட்டு மணி நேரம் என்றால் ஒரு கொடைக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல். பங்குனி தொடங்கிவிட்டால் செவ்வாய், வெள்ளி எதுவும் சும்மா போகாது. ஹார்டு டிஸ்க் வாங்கி வாங்கி அடுக்கியதில், பீரோவில் தூங்கிய டிஸ்க்குகளில் சில எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகுதான் எல்.டி.ஓ. டேப்பின் பக்கம் திரும்பினேன்; கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டிக்குள் சுற்றி வைத்த காந்த நாடா அது. வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் பேக்கப் எடுக்கிற அதே டேப். ஐபிஎம், எச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய முறை. 2000-இல் வந்த முதல் தலைமுறை 100 ஜிபி பிடித்தது, 2010-இல் வந்த ஐந்தாம் தலைமுறை 1.5 டிபி பிடிக்கும். நான் வாங்கியது ஐந்தாம் தலைமுறை. கார்ட்ரிட்ஜ் உறையில் 3 டிபி என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது, தரவைப் பாதியாகச் சுருக்க முடிந்தால் கிடைக்கிற கணக்கு. வீடியோ ஏற்கனவே சுருங்கியது. அதை இன்னும் பிழிந்தால் ஒன்றும் வராது.

நாடாவை ஓட்டி எழுதிப் படிக்கும் டிரைவ் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழையதாக வந்தது. சர்வர்களில் பயன்படும் எஸ்ஏஎஸ் இணைப்பு. அதற்குத் தனிக் கார்டு கணினியில் வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டை வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பெரும்பாலான ரெய்டு கார்டுகள் டேப் டிரைவைக் கண்டுகொள்வதில்லை. கார்டும் கேபிளும் சரியாக அமைந்தபின், என் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் டிரைவை உடனே அடையாளம் கண்டது. அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது அதன் வயிற்றைப் பற்றித்தான். வெளி உறையின் மூடியைக் கழற்றியபோது பின்பக்க ஃபேனின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. மூலையில் பல்லி எச்சம். விற்றவர் "சர்வீஸ் செய்த டிரைவ்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் கொசுறாகத் தந்த "புதிய" கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டால், டிரைவ் அதை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு உடனே வெளியே துப்பியது. கிளீனிங் கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 50 முறை. ஒவ்வொரு முறையும் அதிலுள்ள நாடாவின் புதுப் பகுதிதான், எழுதிப் படிக்கும் பாகமான ஹெட்டில் உரசும். நாடா தீர்ந்தால் வேலை தீர்ந்தது. எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு சிப்பில் பதிவாகிவிடும். மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி அதை ஏமாற்ற முடியாது.

இந்தக் கிளீனிங் விஷயத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றை முதலில் கைவிட வேண்டும். பழைய ஆடியோ டெக், விசிஆர் பழுது பார்த்துக் கைபழகியவர்களுக்கு ஹெட் என்றாலே பஞ்சும் ஸ்பிரிட்டும்தான் நினைவுக்கு வரும். அவற்றில் அது சரி. ஐந்தாம் தலைமுறை எல்.டி.ஓ. ஹெட்டில் 16 தடங்களை ஒரே நேரத்தில் எழுதுகிற மிக நுண்ணிய அமைப்பு இருக்கிறது. பஞ்சின் ஒரு இழை சிக்கினால் போதும். அதைத் தொடவே கூடாது. கிளீனிங் கார்ட்ரிட்ஜையும் "வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தடவை" என்று பக்தியோடு போடக் கூடாது. அதன் நாடா லேசாக உராயும் தன்மை கொண்டது, தேவையில்லாமல் ஓட்டினால் ஹெட்தான் தேயும். டிரைவ் கேட்டால் போடுங்கள். ஐபிஎம் தயாரித்த டிரைவ்களில் முகப்பில் ஒற்றை எழுத்துக் காட்டி இருக்கும். ஆங்கில 'சி' எழுத்து வந்தால் சுத்தம் கேட்கிறது என்று பொருள். 6 வந்தால் டிரைவிலோ டேப்பிலோ பிழை. 7 வந்தால் பெரும்பாலும் டேப்தான் குற்றவாளி. 1 வந்தால் டிரைவுக்குக் குளிர்ச்சி போதவில்லை. வேறு தயாரிப்புகளில் இதையே சிறு விளக்குகள் சொல்லும். டேப்அலர்ட் என்ற பெயரில் 64 எச்சரிக்கைகளின் பட்டியல் டிரைவுக்குள் உண்டு. லினக்ஸில் அதை வாசித்துவிடலாம். அதில் 20-ஆம் எண் "இப்போதே சுத்தம் செய்".

என் டிரைவ் வந்த சில வாரங்களில் காட்டியது அந்த 1-தான். அது அதன் குற்றமல்ல, ஆனி மாதத்தின் குற்றம்.

காற்றைத் தடுத்த கதை

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் நம் பக்கம் பாய்கிறது. பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது வருமானம். ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம் என்ற அளவுக்குத் தூசு வரும். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாட்களில் பாளையங்கோட்டையில் கண்ணில் மண்தான் விழும். டேப் டிரைவோ முகப்பு வழியாகக் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுவது. அறையில் உள்ள தூசு அத்தனையும் ஹெட்டையும் நாடாப் பாதையையும் தாண்டித்தான் போகும். தூசைத் துடைத்துத் தீர்க்க முடியாது, வரவிடாமல் செய்ய வேண்டும் என்று அலமாரி கட்ட முடிவு செய்தேன்.

முக்கால் அங்குல பிளைவுட்டில் ஆசாரி ஒரு பெட்டி செய்து கொடுத்தார். கதவு விளிம்பைச் சுற்றி ரப்பர் பீடிங். இதுவரை சாதாரண அலமாரிதான். சூட்சுமம், காற்று எங்கே நுழைகிறது என்பதில் இருக்கிறது. இறுக்கமாக மூடிவிட்டால் தூசு வராது என்று நினைப்பது பாதி உண்மை. டிரைவின் ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ளப் பெட்டிக்குள் அழுத்தம் குறையும். ஆணித் துளை, கேபிள் துளை, கதவு இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் தூசைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எனவே தலைகீழாகச் செய்ய வேண்டும். பெட்டிக்குள் வடிகட்டிய காற்றைத் திணிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் சற்று மிகுந்திருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது.

வடிகட்டிக்குக் கார் ஏசியில் போடும் கேபின் ஃபில்டர். நெல்லை வண்ணார்பேட்டையில் உதிரி பாகக் கடையில் கிடைக்கும், மடிப்பு மடிப்பாக இருப்பதால் பரப்பளவு அதிகம், விலையும் பயமுறுத்தாது. பெட்டியின் மேல் பக்கத்தில் அதன் அளவுக்குச் சட்டம் அடித்து, ஓரங்களில் ஃபோம் ஒட்டி, அதன் பின்னால் 120 மில்லிமீட்டர் கணினி ஃபேன் இரண்டை உள்நோக்கிக் காற்று தள்ளும்படி வைத்தேன். 12 வோல்ட் அடாப்டர் போதும். டிரைவின் பின்புறம் பெட்டியின் பின்பலகையில் வெட்டிய துளைக்கு நேராக, ஃபோம் சட்டத்தோடு ஒட்டி நிற்கிறது. சூடான காற்று பெட்டிக்குள் சுற்றாமல் நேராக வெளியே போய்விடும். அந்தத் துளைக்கு வெளியே பல்லிக்காக வலை அடித்தாயிற்று. கொசுவலை காற்றை மிகவும் தடுக்கும், கொஞ்சம் பெரிய கண் உள்ள கம்பி வலை நல்லது.

சோதனைக்கு இலவம்பஞ்சு. தலையணையிலிருந்து ஒரு மெல்லிய இழையை எடுத்து, ஃபேன்களை ஓடவிட்டு, கதவு இடுக்கு நெடுகப் பிடித்துக்கொண்டே போனேன். இழை வெளிப்பக்கம் சாய்ந்தால் சரி. கீல் பக்கம் ஒரு இடத்தில் உள்ளே சாய்ந்தது. அங்கே பீடிங் விலகியிருந்தது. டிரைவை ஓடவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதன் ஃபேன் இழுப்பது நாம் தள்ளுவதைவிட அதிகமாக இருந்தால் இழை திரும்பிவிடும். ஒரே ஃபேன் வைத்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆனது, அதனால்தான் இரண்டு.

வார்னிஷ் வாடை அடங்கும் வரை டிரைவைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பசையும் வார்னிஷும் விடுகிற ஆவி நாடாவுக்கு நல்லதல்ல. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு டிஜிட்டல் மானி ஒன்று தொங்குகிறது. டிரைவ் ஓடும்போது அறையைவிட ஓரிரண்டு டிகிரிதான் கூடுகிறது. அந்த 1 அதன்பின் வரவில்லை.

ஆனியும் ஆடியும் கழிந்து ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை மடிப்புகள் செங்கல் நிறமாக மாறியிருக்கும். கடைத் தம்பி அதைக் கழுவிக் காயப்போட எடுத்துக்கொண்டு போனான்; பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கழுவினால் இழைகள் விரிந்து சல்லடை ஆகிவிடும். வருடம் ஒரு ஃபில்டர் வாங்குகிற செலவு ஒரு கார்ட்ரிட்ஜ் விலைகூட ஆகாது.

தம்பி நல்ல பையன். ஆனால் பூஜைப் பிரியன். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையைக் கடை முழுக்கக் காட்டுவான். புகைத் துகள் தூசைவிட நுண்மையானது, கேபின் ஃபில்டர் அதை முழுதாகப் பிடிக்காது. புகையை வாசலோடு நிறுத்திக்கொள்ளும்படி ஒப்பந்தம் ஆயிற்று. ஆயுத பூஜை அன்று கேமரா, டிரைபாட், கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவன், டேப் டிரைவின் வாயருகே விரலைக் கொண்டுபோனபோது கையைப் பிடித்துவிட்டேன். "இதுவும் ஆயுதம்தானே அண்ணாச்சி?" என்றான். அதன் பொட்டு இப்போது யுபிஎஸ் மீது இருக்கிறது.

டிரைவைப் பட்டினி போடாதீர்கள்

தூசுக்கு அடுத்தபடி டிரைவைக் கெடுப்பது மெதுவான தரவு. ஐந்தாம் தலைமுறை டிரைவ் நொடிக்கு 140 மெகாபைட் வரை விழுங்கும். கணினி அதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் டிரைவ் ஓரளவு வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் நாடாவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓட்டம் பிடித்து எழுதும். இப்படி முன்னும் பின்னுமாக உரசிக்கொண்டே இருந்தால் நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும், மோட்டாரும் களைக்கும். காதைக் கொடுத்தால் தெரிந்துவிடும்: சீரான இரைச்சலுக்குப் பதிலாக, நொடிகளுக்கொரு முறை ஒரு முனகல், ஒரு நிறுத்தம், மறுபடி முனகல்.

பழைய யுஎஸ்பி 2.0 டிஸ்க்கிலிருந்து நேராக டேப்பில் எழுதினால் இதுதான் நடக்கும். அந்த இணைப்பு நொடிக்கு 30, 40 மெகாபைட்டைத் தாண்டாது. ஆயிரக்கணக்கான சின்னப் புகைப்படக் கோப்புகளை அப்படியே அனுப்பினாலும் இதே கதி. எனவே கொடைப் பதிவுகளை முதலில் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் இறக்கி, புகைப்படங்களை டார் என்ற ஒரே பெரிய கோப்பாகக் கட்டி, பிறகுதான் டேப்புக்கு அனுப்புகிறேன். இடையில் நினைவகத்தில் சில ஜிபியைத் தாங்கல் இடமாக ஒதுக்கி, அது நிறைந்தபின் எழுதத் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். இப்போது ஒரு முழு கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடிகிறது.

அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே நடப்பது சாதாரணமில்லை. நாடாவின் நீளம் 846 மீட்டர், அகலம் அரை அங்குலம். அதில் 1280 தடங்கள். ஒரு ஓட்டத்துக்கு 16 தடம் வீதம் 80 முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தால்தான் நிறையும். ஒரு கார்ட்ரிட்ஜை நிரப்ப ஹெட்டின் மீது ஓடுகிற நாடா 67 கிலோமீட்டருக்கு மேல், நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகிற தூரத்தைவிட அதிகம். அத்தனை தூரமும் ஒரு தூசைச் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்றில் எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். பெயருக்கு முன்னால் 'என்' எழுத்து சேர்ந்த மற்றதில் எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் பெயரில் ஒரு கொடையை எழுதிவிட்டு அடுத்த கொடையையும் எழுதினால், இசக்கியம்மன் மேல் முத்தாரம்மன் உட்கார்ந்துவிடுவாள். எப்போதும் 'என்' சேர்ந்த பெயரையே பயன்படுத்துங்கள். டேப் நிறைந்ததும் கார்ட்ரிட்ஜின் முகப்பில் உள்ள சிறு தாழ்ப்பாளைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஐந்தாம் தலைமுறையோடு வந்த எல்டிஎஃப்எஸ் முறை இருக்கிறது. டேப் ஒரு பென் டிரைவ் மாதிரி கோப்புறைகளாகத் தெரியும். ஆனால் கோப்புகளின் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதி முடிக்கும், நடுவில் மின்சாரம் போனால் தலைவலி. யுபிஎஸ் இல்லாத இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்ட்ரிட்ஜுக்குச் செய்யும் உபசாரம் சிறியது. உறையோடு, செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும், படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது. முகப்பில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தைத் தவிர வேறெங்கும் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. டிரைவின் சூட்டில் ஒட்டு இளகி உள்ளே மாட்டிக்கொள்ளும். கீழே விழுந்த கார்ட்ரிட்ஜை "ஒன்றும் ஆகவில்லை" என்று தட்டிவிட்டு டிரைவில் போடக் கூடாது. அதன் ஓரக் கதவை விரலால் திறந்து பார்த்தால், நாடாவின் நுனியில் ஒரு சிறு உலோக முள் இரு பக்கமும் பொருந்தி நிற்கும். டிரைவ் அந்த முள்ளைப் பிடித்துத்தான் நாடாவை உள்ளே இழுக்கிறது. முள் சாய்ந்திருந்தாலோ, குலுக்கினால் உள்ளே கடகடவென்றாலோ, அந்தக் கார்ட்ரிட்ஜ் டிரைவையும் சேர்த்துக் கெடுக்கும். முழு நாடாவையும் சுற்றி இழுவையைச் சரிசெய்யும் வேலை பழைய கியூஐசி கார்ட்ரிட்ஜ்களுக்கு வேண்டியிருந்தது, எல்.டி.ஓ.-வுக்கு அதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை. காந்தத்தால் மொத்தமாக அழித்து மறுபடி பயன்படுத்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட வழிகாட்டித் தடங்கள் அதில் போய்விடும், பிறகு எந்த டிரைவும் அதைத் தொடாது.

நெடுநாள் இருப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும். நாள் முழுக்க ஏசி போட எனக்கு வசதியில்லை. வெயில் படாத உள்ளறையில், மேற்குச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரத்தில் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஓவனில் வைத்துச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, ஆறியபின் திரும்ப வைக்கலாம். துணிப்பை முக்கியம், மணிகளின் பொடி கார்ட்ரிட்ஜுக்குள் போகக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே ஈரப்பதம் எகிறும்போதும் டப்பாவுக்குள் மானி 45-ஐ ஒட்டியே நிற்கிறது. வெப்பம் சற்று அதிகம்தான், ஆனால் ஏறி இறங்குவதில்லை. ஏசி அறையிலிருந்து எடுத்துப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்த டேப்பை அன்றைக்கே ஓட்டாமல் ஒரு நாள் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. நாடாவின் மீது நீர் முத்து பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, டிரைவுக்குத் தெரியும்.

ஆற்று வண்டலில் கிடந்த டேப்

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி கொக்கிரகுளம், நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் புகுந்தது. ஜங்ஷனில் தரைத்தளத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், எனக்கு முன்பே எல்.டி.ஓ.-வுக்கு மாறியவர். டிரைவ் போய்விட்டது. டேப்புகளை என்ன செய்வது என்று போனில் கேட்டார்.

"வெயில் வந்ததும் மாடியில் பரப்பிவிட்டேன் தம்பி" என்றார்.

"உடனே எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. துடைக்கவும் வேண்டாம், எந்த டிரைவிலும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே கொண்டுவாருங்கள்."

மஞ்சள் பையில் வந்தன. மூன்று தரமாகப் பிரித்தோம். மேல் தட்டில் இருந்தவற்றின் உறைக்குள் நீர் போகவில்லை. அவற்றைச் சிலிக்கா டப்பாவில் சில நாள் வைத்துவிட்டு ஓட்டினால் போதும். வேறு இடத்தில் நகல் இருந்தவற்றை, முகத்தைப் பார்க்காமல் தூக்கி எறியச் சொன்னேன். மீதி ஒன்றே ஒன்று: இப்போது உயிரோடு இல்லாத ஒரு புலவரின் முழு இரவு வில்லுப்பாட்டு. வேறு நகல் இல்லை. தரவு மீட்கும் நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். கேட்ட தொகை அவரால் முடியாதது. "நீயே பார். போனால் போகட்டும்" என்றார்.

வெளி ஓட்டின் சேற்றை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவினேன். குழாய் நீரில் உப்பு உண்டு, காய்ந்தால் படியும். அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, மேலோட்டைத் தூக்கும்முன் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துக்கொண்டேன். உள்ளே பூட்டு விசை, சுருள் வில், முள்ளைப் பிடிக்கும் கவ்வி எல்லாம் எங்கே எப்படி என்று பின்னால் நினைவிருக்காது. ரீலின் பக்கத்தட்டுகளை மட்டும் கையுறையோடு பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், நாடா அடுக்கின் விளிம்பு நெடுக வண்டல் மெல்லிய காவிக் கோடாக ஓடியிருந்தது. பளபளப்பான கறுப்பில் அந்தக் கோடு நன்றாகவே தெரிந்தது. நல்லவேளை, அடுக்கு இறுக்கமாகச் சுற்றியிருந்ததால் உள்ளுக்குள் சேறு ஏறவில்லை.

நாடாவைப் பிரிக்கவே இல்லை. ரீலை அப்படியே புதிய டிஸ்டில்டு வாட்டரில் மெல்ல ஆட்டி, நீரை மாற்றி மாற்றி, நீர் தெளிவாகும் வரை அலசினேன். பிறகு ஏசியை ஈரம் இழுக்கும் நிலையில் ஓடவிட்ட அறையில், செங்குத்தாக நிறுத்திக் காயவிட்டேன். ஹேர் டிரையர், வெயில், அடுப்படி எதுவும் கூடாது. அடுக்கு காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, ஈரம் நடு அடுக்குகளில் ஒளிந்திருக்கும். அதற்குத் தராசு. நகைக்கடையில் பயன்படுத்துகிற வகைச் சிறு டிஜிட்டல் தராசில் தினம் காலையில் எடை பார்த்துச் சுவரில் எழுதிக்கொண்டே வந்தேன். முதலில் மளமளவென்று இறங்கியது, பிறகு தயங்கியது, பிறகு நின்றது. நின்றபின் சிலிக்கா டப்பாவுக்கு மாற்றினால் மறுபடி கொஞ்சம் இறங்கியது. அங்கும் அசையாமல் நின்றபின்தான் அடுத்த வேலை.

அதே தலைமுறைப் புது கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, அதன் ஓட்டுக்குள் இந்த ரீலை வைத்தேன். ரீலை மட்டும் மாற்றினால் போதாது. ஓட்டின் மூலையில் சாய்வாகச் செருகியிருக்கும் சிப்பையும் பழையதிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். தரவு எங்கே முடிகிறது என்பது முதல் டேப்பின் வரலாறு வரை அதில்தான் இருக்கிறது. அடுத்தவர் சிப்பைக் கொடுத்தால் டிரைவ் குழம்பும். ரேடியோ அலையில் வாசிக்கப்படும் மூடிய சில்லு என்பதால் நீரில் கிடந்தும் அது பிழைத்திருந்தது.

ஓட்டியது என் டிரைவில் அல்ல; உதிரிப் பாகங்களுக்காக மலிவாக வாங்கி வைத்திருந்த இன்னொன்றில். இந்த மாதிரி டேப்பை முதல் ஓட்டத்திலேயே முழுதாக நகலெடுத்துவிட வேண்டும், இரண்டாம் ஓட்டத்துக்கு அது ஒத்துழைக்கும் என்று நம்பக் கூடாது. பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த தொகுதிக்குத் தாவும்படி அமைத்துவிட்டு உட்கார்ந்தோம். எல்.டி.ஓ.-வின் பிழைதிருத்தம் வலுவானது. அங்கங்கே டிரைவ் நின்றது, பின்னுக்குப் போனது, திரும்பப் படித்தது, மறுபடி கிளம்பியது. அண்ணாச்சி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு இடங்களில் மட்டும் கைவிட்டுத் தாவியது. இரண்டுமே கூட்டத்தைக் காட்டிய மூன்றாவது கேமராவின் கோப்புகள். வில்லும் உடுக்கும் குடமும் முழுதாக வந்துவிட்டன. முடித்த உடனே டிரைவ் சுத்தம் கேட்டது; கேட்டதைக் கொடுத்தேன். அந்த டேப்பைத் திரும்ப ஓட்டவில்லை.

அதற்குப் பின் என் டேப்புகள் எல்லாவற்றுக்கும் இரட்டை உண்டு. ஒன்று இங்கே, மற்றது ஆற்றுக்கும் குளத்துக்கும் எட்டாத மேட்டில் இருக்கும் அக்கா வீட்டு மாடியறையில். வண்டியில் கொண்டுபோகும்போது ஃபோம் வைத்த பெட்டி. பெட்ரோல் டாங்க் மேல் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில டேப்புகளை எடுத்து, எழுதும்போது கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நோட்டில் தேதி, டேப் எண், கிளீனிங் எத்தனையாவது தடவை என்ற மூன்று பத்திகள்.

இனி டிரைவின் தலைமுறைக் கவலை. ஏழாம் தலைமுறை வரை ஒரு டிரைவ் தனக்கு இரண்டு தலைமுறை முந்திய டேப்பைப் படிக்கும், ஒரு தலைமுறை முந்தியதில் எழுதும். எட்டாவதிலிருந்து இந்தச் சலுகை சுருங்கிவிட்டது. அது ஏழாவதையும் எட்டாவதையும் மட்டுமே ஏற்கும். ஆக, என் ஐந்தாம் தலைமுறை டேப்புகளை ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று வகை டிரைவ்கள்தான் படிக்கும். ஜங்ஷன் அண்ணாச்சியிடம் நான்காம் தலைமுறை டேப்புகளும் கொஞ்சம் இருக்கின்றன, அவற்றுக்கு ஏழாவது உதவாது. இருவருக்கும் பொதுவாக ஆறாவது ஒன்றை வாங்கிப் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. சென்னையில் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். பணம் அனுப்பும்முன் டிரைவ் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது, டேப்அலர்ட் பட்டியலில் என்ன இருக்கிறது என்பது தெரியும்படி கணினித் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஃபேனையும் சேர்த்து.